அக்கா போட்ட ஃபீட்பேக்

அந்த அக்கா எதையும் "சூப்பர்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாலு வருஷம் தினமும் பார்த்துப் பேசியவன் சொல்கிறேன். நன்றாக இருந்தால் "நல்லா இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க அவர் வாய் சம்மதிக்காது. நன்றாக இல்லாவிட்டால் எது இல்லை, எந்த அளவுக்கு இல்லை என்று விவரமாகச் சொல்வார். கேட்கிறவர் முகம் சுருங்குகிறதா என்றெல்லாம் பார்க்கமாட்டார். கோபத்தில் சொல்கிறவர்களிடமாவது சமாதானம் பேசலாம். இவருக்குக் கோபமே கிடையாது.

என் கல்யாண நாளுக்கு மனைவி பாயசம் வைத்துக் கொடுத்து அனுப்பினாள். அக்கா டம்ளரைக் காலி செய்துவிட்டு, "இனிப்பு சரியா இருக்கு. முந்திரி கருகிடுச்சு" என்றார். நான் இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். இரண்டு நாள் எனக்குத்தான் சாப்பாடு சரியில்லை. ஆனால் அதற்கப்புறம் என் மனைவி புதிதாக எது செய்தாலும், "அந்த அக்காட்ட ஒரு வாய் குடுத்துப் பாருங்க, நீங்க எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவீங்க" என்று டப்பாவை நீட்ட ஆரம்பித்தாள்.

திருநகரில் அப்போது நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில். பிளைவுட் தடுப்பு போட்ட ஆறு கேபின், கரண்ட் போனால் கூவுகிற ஒரு யூபிஎஸ், என் மேஜையில் ஒரு பிரிண்டர். காலையில் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் வருவார்கள், சாயங்காலம் சாட் செய்கிறவர்கள் வருவார்கள். மதியம் மூன்று மணிக்குக் கடை காற்று வாங்கும். அக்கா வருவது அந்த நேரத்தில். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நாற்பதைத் தாண்டியிருப்பார். சௌராஷ்டிரக் குடும்பம். தங்கையிடம் போனில் அவர்கள் பாஷையில் பேசுவார், எனக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் பேசுகிற தோரணையிலேயே அந்தத் தங்கைக்கும் ஏதோ குறை அளந்து சொல்லப்படுகிறது என்பது மட்டும் தெரியும்.

கீழவாசல் பக்கம் தங்கை வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டார்கள். அங்கிருந்து சேலைகளை எடுத்துவந்து இன்டர்நெட்டில் ஏலத்துக்கு விடுவது அக்காவின் தொழில். அப்போது அது புதுசு. சேலையைப் படம் எடுத்து, விவரம் எழுதி, ஆரம்ப விலை வைத்து ஏலத் தளத்தில் போட வேண்டும். ஏழு நாளில் யார் கூடுதலாகக் கேட்கிறார்களோ அவர்களுக்குச் சேலை. வாங்கியவர் பேங்கில் பணம் கட்டுவார், விற்றவர் கூரியரில் அனுப்புவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. அதனால் கடைசியில் ஒருவரைப் பற்றி ஒருவர் ஃபீட்பேக் எழுத வேண்டும். நல்லது என்றால் பச்சைக் கூட்டல் குறி. மோசம் என்றால் சிவப்புக் கழித்தல் குறி. இரண்டும் இல்லையென்றால் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குப் பெயர் நியூட்ரல். கூடவே எண்பது எழுத்துக்குள் ஒரு வரி. அடுத்து வாங்க வருகிறவர், பெண் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றித் தெருவில் விசாரிப்பதைப் போல, அந்த வரிகளை எல்லாம் படித்துவிட்டுத்தான் ஏலத்தில் இறங்குவார்.

அந்த எண்பது எழுத்தில் ஊரே புளுகியது. பொருள் வந்து சேர்ந்ததோ இல்லையோ, "பிரமாதமான விற்பனையாளர்", "உலகத்திலேயே சிறந்தவர்", பின்னால் வரிசையாக ஆச்சரியக்குறிகள். வாங்குகிறவன் அப்படி எழுதினால் விற்கிறவனும் அப்படியே எழுத வேண்டும் என்பது எழுதாத சட்டம். அக்கா மட்டும் ஒரு வரிக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து யோசிப்பார். எனக்கு மணிக்கணக்கில் வருமானம் என்பதால் நான் ஒன்றும் சொன்னதில்லை. ஒருமுறை டெல்லிக்காரர் ஒருவர் இரண்டு நாள் தாமதமாகப் பணம் கட்டினார். அக்கா அவருக்குப் பச்சைதான் போட்டார். கூடவே, "இரண்டு நாள் தாமதம், ஆனால் முன்கூட்டியே தகவல் சொன்னார்" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். டெல்லிக்காரர் குதித்தார். தாமதத்தை ஏன் எழுதினாய், என் பெயர் என்ன ஆவது என்று மூன்று ஈமெயில்.

"பச்சை போட்டிருக்கேன்ல? பெறகு என்னவாம்?" என்றார் அக்கா என்னிடம்.

"தாமதம்னு எழுதாம விட்டிருக்கலாமேக்கா."

"தாமதமா கட்டாம இருந்திருக்கலாமே அவரு."

அவர் விற்கிற பொருளுக்கும் இதே கதைதான். சுங்குடியில் முதல் அலசலுக்குக் கொஞ்சம் சாயம் போகும். மற்றவர்கள் இதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். அக்கா விவரத்தின் முதல் வரியிலேயே எழுதுவார்: முதல் தடவை சாயம் போகும், கல் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசவும். விற்கிறவரே பொருளின் குறையை முதல் வரியில் எழுதுவதைப் பார்த்துச் சிலர் பயந்து ஓடினார்கள். மிச்சம் இருந்தவர்கள் அதற்காகவே திரும்பத் திரும்ப வந்தார்கள்.

என் கடையில் இன்னொரு ஏலக்காரரும் உண்டு. பழங்காசு விற்கிற அண்ணன். அலங்காநல்லூர்ப் பக்கம் சொந்த ஊர், மாட்டுத்தாவணி பஸ் பிடித்துத் தினம் வருவார். அவர் கொள்கை வேறு. வாங்கியவர் தனக்குப் பச்சை போடும்வரை அவர் பதிலுக்கு ஒன்றும் போடமாட்டார். பிடித்து வைத்திருப்பார். நமக்குச் சிவப்புப் போட்டால் அவனுக்கும் சிவப்பு விழும் என்ற பயம் இருக்க வேண்டுமாம். அக்காவோ பணம் வந்து சேர்ந்த நிமிஷமே வாங்கியவருக்கு ஃபீட்பேக் போட்டுவிடுவார், சேலையை இன்னும் கூரியரில் கூடக் கொடுத்திருக்கமாட்டார்.

"என்னக்கா நீங்க, மொதல்ல போய்ப் போடுறீக? மொய் மாதிரிக்கா இது. அவுக வச்சாத்தேன் நாம வைக்கணும்" என்பார் பழங்காசு அண்ணன்.

"பணம் கட்டுறது அவங்க வேலை. கட்டிட்டாங்க. அதுக்குள்ளத எழுதிட்டேன். இனிமே அவங்க என்னயப் பத்தி நெனைக்கிறத அப்படியே எழுதலாம்ல, பயமில்லாம" என்பார் அக்கா.

இந்த வழக்கத்தில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. தொண்ணூறு பேருக்கு மேல் அவருக்குப் பச்சை போட்டிருந்தார்கள். ஒரு சிவப்பு இல்லை, ஒரு சாம்பல் வட்டம் கூட இல்லை. பக்கத்தின் மேலே நூறு சதவீதம் என்று நிற்கும். மற்றவர்கள் அதை மிரட்டி வாங்கினார்கள், கெஞ்சி வாங்கினார்கள், இல்லையென்றால் சுற்றிச் சுற்றிச் சொந்தக்காரர்களிடம் வாங்கினார்கள். தன்னுடையது தானாக வந்தது என்று அக்காவுக்குள் ஒரு பெருமை இருந்தது. வெளியே சொன்னதில்லை. மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு நிமிஷம் பார்ப்பார், அவ்வளவுதான்.

பாராட்டுவதில் அவர் கஞ்சம் என்று எங்கள் தெருவில் பேச்சு. ஒரு கல்யாண ரிசப்ஷனில் வீடியோக்காரர் மைக்கை நீட்டி, மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லுங்க என்றிருக்கிறார். அக்கா கேமராவைப் பார்த்து நிதானமாக, "சாம்பார் நல்லா இருந்துச்சு. பாட்டுக் கச்சேரி சத்தம் ரொம்ப ஜாஸ்தி, பக்கத்துல பேசுறது கேக்கல. பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்தை ஓட்டிவிடுவார்களாம். பிற்பாடு நான் கடையை மூடியதும், அக்கா குடும்பத்தோடு மகளிடம் கோயம்புத்தூர் போனதும், அந்தத் தெருவில் அவரைப் பற்றி என்னிடம் விசாரித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆனால் அந்த மூன்று பேரும் நிஜமாகவே விசாரித்தார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் சேலைகளைப் படம் எடுத்துக் கொடுத்தது நான்தான். சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த டிஜிட்டல் கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. படத்துக்குப் பத்து ரூபாய். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அளவைச் சரிசெய்து தளத்தில் போட்டுத் தருவேன். அளவைச் சரிசெய்யும்போது வெளிச்சத்தையும் இரண்டு புள்ளி கூட்டுவேன். நிறத்தையும் கொஞ்சம் ஏற்றுவேன். படம் பளிச்சென்று இருந்தால்தான் நாலு பேர் ஏலத்துக்கு வருவார்கள் என்பது என் கணிப்பு. உதவி என்றே நினைத்துச் செய்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அவர் எப்போதும் உட்காருகிற நாலாம் நம்பர் மானிட்டர் வயசானது, எதையும் மங்கலாகத்தான் காட்டும். நான் கூட்டியதை அது குறைத்துக் காட்டியதால் அவர் கண்ணுக்குப் படமும் சேலையும் ஒன்றாகவே தெரிந்தன.

ஒரு சேலை. கடுகு மஞ்சள். அக்கா விவரத்தில் அப்படியேதான் எழுதியிருந்தார். படத்தில் அது நல்ல மாம்பழ மஞ்சளாக நின்றது. கோச்சடையில் ஒரு பெண் அதை ஏலத்தில் எடுத்தாள். உள்ளூர் ஏலம் எங்களுக்கு அபூர்வம். அக்கா வழக்கம்போலப் பணம் வந்ததும் முதலில் பச்சை போட்டார். பத்து நாள் கழித்து அந்தப் பெண் சிவப்புப் போட்டாள். "நிறம் படத்தில் இருந்தது இல்லை. விசேஷத்துக்குப் பொருந்தவில்லை."

நூறு சதவீதம் தொண்ணூற்று ஒன்பதோ என்னவோ ஆனது. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பின்னால் நின்றேன். பெங்களூரில் அப்போது ஒரு கடைக்காரர் தீபாவளிக்கு நூறு சேலை எடுப்பதாக எழுதியிருந்தார். அக்காவின் பக்கத்தைப் பார்த்துத்தான் வந்தவர். தங்கை வீட்டில் அதற்கான துணியை வாங்கி, சாயத்துக்கு முன் புள்ளி முடிச்சுப் போடக் கொடுத்தும் விட்டார்கள்.

பழங்காசு அண்ணன் உடனே வழி சொன்னார். "பதிலுக்கு நீங்களும் ஒரு செவப்பு போடுங்கக்கா. அந்தப் புள்ளைக்குப் பதறும். ரெண்டு பேரும் சேந்து எடுத்துக்கிரலாம்னு அதுவே மெயில் அனுப்பும். எனக்கு மூணு தடவ இப்படித்தேன் ஆச்சு."

"அந்தப் பொண்ணு மறுநாளே பணம் கட்டிச்சு. அதுக்கு என்ன குத்தம்னு எழுதுறது?"

"ஏதாச்சும் எழுதுங்கக்கா. யாரு கேக்கப் போறா?"

அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தப் படத்தக் கலர்ல ஒரு பிரிண்ட் எடுங்க. கோச்சடைக்குப் போயிட்டு வாரேன்" என்றார். நானும் வருகிறேன் என்றேன். துணைக்கு என்று அவர் நினைத்திருப்பார். நான் போனது பயத்தில்.

என் ஸ்கூட்டரில் போனோம். கூரியர் ரசீதில் விலாசம் இருந்தது. வாசலில் அக்காவைப் பார்த்ததும், நான் இன்னார் என்று அவர் சொன்னதும், அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. இருபத்தாறு வயது இருக்கும். பின்னாலேயே மாமியார் வந்தார்.

"யாருத்தா?"

"சேலை வாங்கினேன்ல அத்தே, அவுக."

"சண்டைக்கு வந்திருக்காகளா?"

அந்தப் பெண் அவசரமாக, "அக்கா, நீங்க வீடு தேடி வருவீகன்னு நெனைக்கல. நான் எழுதுனத எடுத்துர்றேன். இன்னைக்கே எடுத்துர்றேன்" என்றாள்.

"எடுக்கச் சொல்ல வரலம்மா. சேலையப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

அவர்கள் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கையில்லை. மாமியார் பீரோவிலிருந்து சேலையை எடுத்துவந்து கொடுத்தார். அக்கா அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்து, மேலே என் பிரிண்டை வைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே தலை குனிந்தது.

அந்தப் பெண் சொன்னாள். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். வீட்டு மருமகள்கள் ஐந்து பேரும் ஒரே மாம்பழ மஞ்சளில் சேலை கட்டுவதாகப் பேச்சு. மற்ற நாலு பேர் விளக்குத்தூண் பக்கம் கடையில் எடுத்துவிட்டார்கள். இவள் மட்டும், இன்டர்நெட்டில் வாங்குகிறேன் பாருங்கள், அதே நிறம், அதைவிட நல்ல துணி என்று சவால் விட்டிருக்கிறாள். பார்சலைப் பிரித்தது விசேஷத்துக்கு முந்தின நாள்.

"போட்டோல நாலு பேரும் ஒரு நெறம், நான் மட்டும் தனியா நிக்கிறேன்க்கா. இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாக."

நான் இடையில் புகுந்தேன். "விவரத்துல கடுகு மஞ்சள்னு எழுதியிருக்குமேம்மா."

"எழுத்த யாருண்ணே படிக்கிறா? படத்தத்தான பாக்குறோம்."

"அது சரிதான்," என்றார் அக்கா. "எழுத்தும் நான் காட்டினது, படமும் நான் காட்டினது." பிறகு என்னைப் பார்த்து, "சேலை சரியா இருக்கு. படம்தான் தப்பு. ஏன் தம்பி இப்படி வந்திருக்கு?" என்று கேட்டார்.

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அங்கே, அந்த மூன்று பெண்கள் முன்னால், நான் சொன்னேன்: "கேமராக்கா. வெயில்ல எடுத்தா அப்படித்தான் காட்டும்."

அக்கா தலையை ஆட்டினார். "அப்படின்னா போடுறதுக்கு முன்னாடி நான் ஒத்துப் பாத்திருக்கணும்." சேலையை மடித்து எடுத்துக்கொண்டு, அதற்கு வாங்கிய பணத்தை அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். கட்டின சேலையைத் திருப்பி வாங்குவார்களா என்று மாமியார் வாயில் கைவைத்தார். அந்தப் பெண் மறுபடியும், எழுதியதை எடுத்துவிடட்டுமா என்றாள். அக்கா, "வேணாம்மா. நீ எழுதினது சரி. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மறுநாள் அந்தச் சிவப்புக்குக் கீழே பதில் போட்டார். "வாங்கியவர் சொல்வது உண்மை. படம் தவறு. தவறு என்னுடையது." எண்பது எழுத்துக்குள் அடக்க வழக்கம்போல அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு வாரத்தில் பெங்களூரிலிருந்து ஈமெயில் வந்தது. தவறு என்று நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதால் இந்த முறை வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள். அக்கா தங்கைக்குப் போன் போட்டார். எப்போதும் நீளமாகப் பேசுகிறவர் அன்று இரண்டே வாக்கியம் பேசினார். எதிர்முனையில் தங்கை அழுவது பாஷை தெரியாத எனக்கும் கேட்டது.

மூன்று வாரம் தாங்கினேன். நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. அக்கா கேமராவையே குற்றம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு சேலையையும் வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லிப் பார்ப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் மூன்று மணிக்கு நாலாம் நம்பர் கேபினில் போய் நின்றேன்.

"அக்கா, கேமரா மேல தப்பில்ல. நான்தான் கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தக் கூட்டினேன். நெறத்தையும்."

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "அந்த ஒரு படத்துலயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"எல்லாத்துலயும். மொதல்லருந்தே."

திட்டுவார் என்று நின்றேன். அவர் திரையில் தன் பக்கத்தைத் திறந்து, பச்சைக் குறிகளை மேலிருந்து கீழே மெல்ல உருட்டிக்கொண்டே போனார்.

"அப்ப இவங்களுக்கெல்லாமும் படத்துல ஒண்ணு, கையில ஒண்ணுதான போயிருக்கும்?"

"ஆமாக்கா."

"நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்களே தம்பி."

அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மறுநாளிலிருந்து நாலு நாள் உட்கார்ந்து வாங்கிய ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினார். உங்களுக்கு அனுப்பிய சேலையின் படம் உண்மையைவிடப் பளிச்சென்று இருந்தது, ஏமாற்றமாக இருந்திருந்தால் சேலையைத் திருப்பி அனுப்பலாம், பணம் தருகிறேன். பழங்காசு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "யாருமே கேக்காத கேள்விக்கு வீடு வீடாப் போய்ப் பதில் சொல்றீகளேக்கா!" மூன்று பேர்தான் சேலையைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் பாதிப் பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். ஆமாம், கொஞ்சம் மங்கல்தான், நல்ல மனுஷியாகத் தெரிந்தீர்கள், உங்கள் நூறைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு வரியை அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நாக்பூரில் ஒரு டீச்சர் எழுதியது. "நீங்கள் எனக்கு முதலிலேயே நல்லதாக எழுதிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் எப்படிக் குறை எழுதுவது?"

அக்கா அதை இரண்டு முறை படித்தார். பயமில்லாமல் உள்ளதை எழுதட்டும் என்றுதான் முதலில் போட்டார். அதுவே அத்தனை பேர் வாயையும் கட்டியிருக்கிறது. பழங்காசு அண்ணன் மிரட்டி வாங்கியதும் இவர் கொடுத்து வாங்கியதும் கடைசியில் ஒரே பச்சைதான். அவர் முகத்தில் அன்று நான் பார்த்த வாட்டம், பெங்களூர்க் கடிதம் வந்த அன்று கூட இல்லை.

"அந்தக் கோச்சடைப் பொண்ணுக்கும் நான்தான் மொதல்ல போட்டேன்," என்றார். "அது ஒண்ணுதான் உள்ளத எழுதியிருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் அவர் அதையும் எடை போடுவார் என்று தெரியும். விளையாட்டாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று, "எனக்கு என்ன போடுவீங்கக்கா? செவப்புதானே?" என்றேன்.

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"மெஷின் எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கீங்க. எனக்குத் தெரியாம என் பொருள மாத்திக் காட்டினீங்க. ஊரான் வீட்டு வாசல்ல நான் கேட்டப்ப பொய் சொன்னீங்க. பெறகு நான் கேக்காமயே வந்து எல்லாத்துலயும்னு சொன்னீங்க. ஒண்ணுலன்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அதனால?"

"நியூட்ரல்."

சிவப்பு என்று திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இனி வரமாட்டார் என்று முடிவு கட்டினேன். பழங்காநத்தத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார், அவரிடம் போவார். அடுத்த நாள் மூன்று மணிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார், பையில் நாலு சேலையோடு.

"இப்ப வெயில் அளவா இருக்கு. வாசல்ல விரிச்சு எடுங்க. எடுத்தத அப்படியே போடணும். போடுறதுக்கு முன்னாடி சேலைய மானிட்டர் பக்கத்துல வச்சு நான் பாப்பேன். நாலாம் நம்பர்ல இல்ல, உங்க மானிட்டர்ல."

"ஸ்டுடியோக்காரர்ட்டப் போகலையாக்கா?"

"எதுக்கு? அவரு எதக் கூட்டுவாருன்னு நான் புதுசாக் கண்டுபிடிக்கணும். உங்ககிட்ட எங்க பாக்கணும்னு தெரியும்."

கேமரா எடுக்க உள்ளே போனேன். போனவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கண் கலங்கிவிட்டது. அவர் பார்த்திருந்தால் எவ்வளவு கலங்கியது என்பதையும் அளவாகச் சொல்லியிருப்பார்.